சிவப்பு வெளிச்சமும் அறுபத்து மூன்று வரிகளும்

சவுண்ட் கார்டின் பின்னால் சிவப்பு வெளிச்சம் தெரிந்தால் அதன் வழியாகச் சத்தம் போய்க்கொண்டிருக்கிறது என்று நான் நம்பினேன். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்து, ஒன்பது வருஷம் இந்தத் தொழிலில் குப்பை கொட்டியவன் நம்பியது இது. தெருவிளக்கு எரிகிறது, ஆகவே தெருவில் யாரோ நடந்து போகிறார்கள் என்று சொல்வதற்குச் சமம். ஆனால் அன்றைக்கு அது எனக்குப் பெரிய விஞ்ஞானமாகத் தோன்றியது.

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கிற உங்களிடம் இதைச் சொல்லாமல் வேலையை விட்டுப் போக மனசு வரவில்லை. என்னை நீங்கள் சிரிப்பு காட்டுகிற ஆளாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். சிரிப்பு காட்டுகிறவனுக்கு உள்ளே ஏதாவது ஒரு நாள் உட்கார்ந்திருக்கும். எனக்கு உட்கார்ந்திருப்பது ஒரு செவ்வாய்க்கிழமை.

இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம். மல்லேஸ்வரத்தில் ஒரு காப்பிப் பொடிக் கடைக்கு மேலே மாடியில் எங்கள் ரெகார்டிங் அறை. பெரிய சினிமா வேலையெல்லாம் கிடையாது. பாடம், பிரசங்கம், கல்யாணக் கச்சேரி, இவைதான். ஆள் இரண்டு பேர். நான், அப்புறம் சலீம் பாய். நான் பொம்மனஹள்ளியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவேன். அவர் சிவாஜிநகரிலிருந்து சைக்கிளில் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருப்பார்.

ஸ்டெல்லா டீச்சர் எங்களைத் தேடி வந்தது ஒரு விசித்திரமான வேலைக்காக. கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பள்ளியில் முப்பது வருஷம் தமிழும் சரித்திரமும் நடத்தியவர். தொண்டையில் புற்றுநோய். புதன்கிழமை காலை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், வியாழக்கிழமை குரல்வளையை எடுத்துவிடப் போகிறார்கள். அவருடைய கணவர் ஆரோக்கியசாமி சாருக்குக் கண் பார்வை கிடையாது. நாற்பது வயதில் போனது. அன்றிலிருந்து அந்த வீட்டில் படி எங்கே, தண்ணீர் எங்கே, வாசலில் வந்து நிற்பது யார் என்று அவருக்குச் சொல்வது டீச்சரின் குரல்தான்.

"அவருக்கு நான் ஜாடை காட்ட முடியாது, எழுதிக் காட்ட முடியாது. பேசினாத்தான் உண்டு. அதான் பேசி வெச்சுட்டுப் போறேன்," என்றார் டீச்சர், கடைக்குப் போகும்போது சாவியை வைத்துவிட்டுப் போகிற மாதிரி.

அவர் ஒரு நோட்டில் அறுபத்து மூன்று வரிகளை எழுதி, எண் போட்டுக் கொண்டுவந்திருந்தார். "உணவு தயார்." "கவனம், படி இருக்கிறது." "விருந்தினர் வந்திருக்கிறார்." கடைசி எண், அறுபத்து மூன்று, ராத்திரி படுக்கப் போகுமுன் இருவரும் சேர்ந்து சொல்லும் ஜெபம். நாலு நிமிஷம். அவர்களுடைய கல்யாணத்திலிருந்து ஒரு நாள் தவறாமல் டீச்சர் சொல்ல, சார் கூடச் சொல்வாராம்.

இந்த வரிகளை ஒரு மினிடிஸ்கில் ஏற்றித் தர வேண்டும். உங்களில் பல பேர் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய சதுரத்துக்குள் ஒரு சின்னத் தட்டு. ஒவ்வொரு வரிக்கும் ஒரு எண் கொடுக்கலாம். கையடக்கமான பிளேயரை இடுப்பில் மாட்டிக்கொண்டு டீச்சர் எண்ணைத் தேடி அழுத்தினால், சின்ன ஸ்பீக்கரில் அவர் குரல் பேசும். இந்த யோசனை டீச்சருடையதேதான்.

திங்கட்கிழமை காலை கம்ப்யூட்டரில் அறுபத்து மூன்றையும் பதிவு செய்தோம். மூன்று வரிகளை மட்டும் சாதாரண ஆடியோ வயர் வழியாக மினிடிஸ்க் டெக்கில், அதாவது தட்டில் பதிவு செய்கிற பெட்டியில், ஏற்றி சாருக்குப் போட்டுக் காட்டினேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"தம்பி, உங்களுக்குக் கீழ ஏதாவது மோட்டார் ஓடுதா?"

"காப்பிப் பொடி அரைக்கற மெஷின் சார்."

"அது ஸ்டெல்லா தொண்டைக்குள்ள ஓடுது. இருக்கற நோவு போதாதா அவளுக்கு?"

டீச்சர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அவர் சொன்னது நிஜம். மைக் வயர் நல்ல வயர், அதில் குறையில்லை. கம்ப்யூட்டரிலிருந்து டெக்குக்குப் போகிற வயரில்தான் கீழே ஓடுகிற மோட்டாரின் உறுமல் ஏறிக்கொண்டிருந்தது. அன்றைக்கே எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்குப் போய், டிஜிட்டல் அவுட்புட் உள்ள புது சவுண்ட் கார்டும் ஒரு மீட்டர் ஆப்டிகல் கேபிளும் வாங்கிவந்தேன். ஒலி வெளிச்சமாகப் போகும், கரண்ட் போகாது, ஆகவே உறுமலும் போகாது.

செவ்வாய்க்கிழமை காலை கார்டை மாட்டினேன். கேபிளின் மறுமுனையைக் கண்ணுக்கு நேரே பிடித்தேன். சிவப்பு! கிடா வெட்டாத குறைதான். கேபிள் நீளம் போதாததால் டெக்கைத் தூக்கி கம்ப்யூட்டருக்குப் பின்னால், முகம் சுவரைப் பார்க்க வைத்தேன். கம்ப்யூட்டரில் ஹெட்போனை மாட்டினேன். டீச்சரின் குரல் கண்ணாடி மாதிரி கேட்டது. கையைப் பின்னால் விட்டுத் தடவி டெக்கில் ரெகார்டு பொத்தானை அழுத்திவிட்டு, அறுபத்து மூன்றையும் வரிசையாக ஓடவிட்டேன். எண் பிரிப்பதைப் பிறகு செய்யலாம் என்று ஒரே மூச்சில்.

நான் கேட்டது ஹெட்போனை. பார்த்தது வெளிச்சத்தை. டெக்கின் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

எங்கள் அறையில் ஒரு சட்டம் உண்டு. கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் சின்னது. ஆகவே ஒரு வேலை தட்டில் ஏறியதும் அதைக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிட்டு அடுத்த வேலைக்கு இடம் காலி செய்ய வேண்டும். இந்தச் சட்டத்தைப் போட்டவனும் நான்தான், சுவரில் எழுதி ஒட்டியவனும் நான்தான். மூன்று மணிக்கு ஒரு நாதஸ்வர கோஷ்டி வருவதாக இருந்தது. அழித்தேன். குப்பைத்தொட்டிக்குக்கூடப் போகாத மாதிரி, ஷிஃப்டைச் சேர்த்து அழுத்தி, சுத்தமாக அழித்தேன்.

பிறகு சாப்பிட்டேன். அன்று எலுமிச்சம்பழச் சாதம். இன்றுவரை எனக்கு அது இறங்குவதில்லை.

இரண்டு மணிக்கு டெக்கைத் திருப்பி வைத்து, எண் பிரிக்க உட்கார்ந்தேன். ஓடியது. நேரம் ஓடியது, தட்டு சுற்றியது, சத்தம் இல்லை. முதலில் வால்யூமைக் கூட்டினேன். ஹெட்போனை மாற்றினேன். பிறகு எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினேன். அது எதற்கு என்று இன்றும் எனக்குத் தெரியாது. தட்டை வெளியே எடுத்து, சட்டையில் துடைத்து, மறுபடி போட்டேன். பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிற தட்டை வெளியே துடைத்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. உறை சுத்தமாகும்.

பன்னிரண்டு நிமிஷ மௌனத்தை அற்புதமான டிஜிட்டல் தரத்தில், ஒரு துளி உறுமல் இல்லாமல் பதிவு செய்திருந்தேன்.

அப்போது என் கை ஒரு வேலை செய்தது. அழிந்த கோப்புகளை மீட்கும் மென்பொருள் ஒன்று ஏதோ பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் இருந்தது. அதைப் போட்டு, அதே கம்ப்யூட்டரில், அதே ஹார்ட் டிஸ்கில் ஏற்ற ஆரம்பித்தேன். பச்சைக் கோடு நகர்ந்தது. அதைப் பார்க்க ஆறுதலாக இருந்தது. பதறுகிறவனுக்கு எது நகர்ந்தாலும் ஆறுதல்தான்.

தொழுகை முடித்துச் சாப்பிட்டுவிட்டு சலீம் பாய் மாடியேறி வந்தார்.

"என்ன மியா, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு? வீட்ல எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க?"

"டீச்சர் ரெகார்டிங் போயிடுச்சு பாய். டிஸ்க்ல ஒண்ணுமே ஏறல. இங்கயும் அழிச்சுட்டேன்."

"இது என்ன ஓடுது?"

"ரிகவரி சாஃப்ட்வேர். ஏத்திட்டிருக்கேன்."

அவர் குனிந்து, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார். திரை அணைந்தது.

"அரே, பொதைஞ்சு கெடக்கற சாமானைத் தேடறதுக்கு அந்த எடத்து மேலயே வீடு கட்டுவியா நீ?"

அப்போதுதான் உறைத்தது. அழித்த கோப்பு உடனே காணாமல் போவதில்லை. அதன் மேல் வேறொன்று எழுதப்படும்வரை அங்கேயே கிடக்கும். நான் எழுதிக்கொண்டிருந்தேன். தெரியாத விஷயமா? தெரிந்த விஷயம்தான். போன மாதம்கூட ஒரு வாடிக்கையாளருக்கு நானே கைவிரலை ஆட்டி ஆட்டிச் சொல்லியிருந்தேன்.

"பாய், ஒண்ணு பண்ணலாம்," என்றேன். "டிஸ்க் ரெடியாகல, ஆபரேஷன் முடிஞ்சு கொண்டுவந்து தர்றேன்னு டீச்சர்கிட்ட சொல்லிடலாம். அதுக்குள்ள ஹார்ட் டிஸ்க்க எஸ்.பி. ரோட்ல யார்கிட்டயாவது குடுத்து எடுத்துடலாம்."

"எடுத்துடலாம்னு எழுதிக் குடுப்பியா?"

"எப்படி பாய் எழுதிக் குடுக்கறது?"

"அப்ப எப்படி மியா சொல்றே? நாளைக்கு அந்தம்மா ஆஸ்பத்திரிக்குள்ள போயிடும். அப்பறம் ரெகார்டிங் திரும்பி வரலன்னா யார்கிட்டப் போய் இன்னொரு தடவை பேசச் சொல்லுவே? இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும்தான் அந்தக் குரல் இந்த ஊர்ல இருக்கு. போன எடு."

எடுத்தேன். மறுமுனையில் டீச்சர்தான். "ஹலோ, யாரு?" என்றார். கொஞ்சம் கரகரப்பு, மற்றபடி அதே குரல். அந்த இரண்டு சொல்லையாவது யாராவது பதிவு செய்திருக்கக் கூடாதா என்று இருந்தது. மெஷினில் சின்னக் கோளாறு, நாலு மணிக்குள் இரண்டு பேரும் வர முடியுமா என்று கேட்டேன். ஏன் என்று கேட்காமல் வருகிறோம் என்றார்.

நாதஸ்வரக்காரர்களை வராமல் நிறுத்தினோம். ரெகார்டிங் அழிந்த கம்ப்யூட்டரை இனி யாரும் தொடக்கூடாது என்று பாய் அதன் மேல் தன் சட்டையைப் போட்டு மூடிவிட்டார். சவுண்ட் கார்டைக் கழற்றி, முன்னறையில் கடிதம் அடிக்கிற கம்ப்யூட்டரில் மாட்டினோம். டெக்கில் மைக் செருக இடம் கிடையாது. கம்ப்யூட்டர் வழியாகத்தான் போக வேண்டும். கேபிளைச் செருகினேன்.

"வெளிச்சம் வருது பாய்."

"அந்தச் செவப்ப பாக்காதே. இந்தப் பக்கம் வா." டெக்கின் முகத்தை என் முகத்துக்கு நேரே திருப்பி வைத்தார். ஒலியின் அளவைக் காட்டும் கோடுகள் அதில்தான் இருந்தன. "ஒரு பாட்டு போடு. ஆடுதா?"

"ஆடல."

"அப்ப வெளிச்சம் என்னத்துக்கு? தீபாவளிக்கா?"

இருபது நிமிஷம் தேடினோம். கடைசியில் சவுண்ட் செட்டிங்குக்குள் ஒரு ஓரத்தில், வழக்கமாகக் கண்ணில் படாத பக்கத்தில், 'டிஜிட்டல் அவுட்புட்' என்ற வரிக்கு முன்னால் சின்னக் கட்டம். காலியாக இருந்தது. கார்டை மாட்டியதும் அது அணைந்துதான் இருக்கும். நாம்தான் டிக் போட வேண்டும். வெளிச்சம் மட்டும் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். டிக் போட்டேன். டெக்கில் கோடுகள் துள்ளின. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். நாற்காலி பக்கத்திலேயே இருந்தது.

நாலு மணிக்கு ஆட்டோ வந்தது. டீச்சரின் தோளைப் பிடித்தபடி சார் மாடியேறி வந்தார். நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை ஒப்பித்தேன். மெஷின் கோளாறு, வோல்டேஜ், புது கார்டு, இப்படி.

சார் கையை உயர்த்தினார். "தம்பி, மெஷினா, நீங்களா?"

"மெஷின்தான் சார்."

"மெஷினுக்குத் தொண்டை அடைக்காதே. உங்களுக்கு அடைக்குதே."

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. வெளிச்சத்தைப் பார்த்து ஏமாந்தது, அழித்தது, அழித்ததன்மேல் மென்பொருளை ஏற்றியது, எல்லாவற்றையும் சொன்னேன். டீச்சர் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார். வகுப்பில் வீட்டுப்பாடம் எழுதாதவனை அவர் இப்படித்தான் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஜெபமுமா?" என்றார்.

"ஜெபமும்தான் டீச்சர்."

தண்ணீர் கேட்டார். குடித்தார். "நோட்டு வீட்லயே இருக்கு. அரை மணி நேரத்துக்கு மேல பேசக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். எது ஞாபகம் வருதோ சொல்றேன்."

பாய் கீழே ஓடி, காப்பிக் கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னார். "ஆய்த்து, ஆய்த்து, அர்த கண்டே தானே," என்று கன்னடத்தில் அவர் குரல் மாடிவரை கேட்டது, சரி, அரை மணி நேரம்தானே என்று. அரைக்கிற மெஷின் நின்றது.

டீச்சர் மைக் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மாத்திரை சாப்பிட்டீர்களா?" என்றார்.

"யாரு இது?" என்றார் சார். "ஸ்கூலுக்கு இன்ஸ்பெக்டர் வந்த மாதிரி இருக்கு. என்னிக்கு நீ என்னை இப்படிக் கேட்டே?"

"பின்ன எப்படிக் கேப்பேன்?"

"'மாத்திரை அப்படியே கெடக்குது'ன்னு சொல்லுவே."

"மாத்திரை அப்படியே கெடக்குது," என்றார் டீச்சர், எரிச்சலோடு. கோடுகள் துள்ளின. அதுதான் முதல் எண்.

அதற்குப் பிறகு சார்தான் எடுத்துக்கொடுத்தார். "எத்தன தடவ சொல்றது உங்களுக்கு" வேண்டும் என்றார். டீச்சர் மறுத்தார். அது இல்லாவிட்டால் வீடு வீடு மாதிரி இருக்காது என்றார் சார். அதுவும் ஏறியது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு. டீச்சரின் குரல் தேய்ந்துகொண்டே வந்தது.

"'ஏங்க'ன்னு கூப்பிடு," என்றார் சார்.

"அது எதுக்கு?"

"அதுதான் முக்கியம். மூணு தினுசா கூப்பிடு. அடுப்படியிலேர்ந்து கூப்பிடறது ஒண்ணு. கோவமா கூப்பிடறது ஒண்ணு."

"மூணாவது?"

"நான் தூங்கிட்டனான்னு பாக்கறதுக்கு மெதுவா கூப்பிடுவியே. அது."

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் டெக்கைப் பார்த்தேன். மூன்றாவது 'ஏங்க'வுக்கு ஒரே ஒரு கோடுதான் எழுந்தது. ஆனால் எழுந்தது. பாய் அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்து எனக்குக் காட்டினார்.

பத்தொன்பது ஆனதும் டீச்சர் ஜெபத்தை ஆரம்பித்தார். மூன்றாவது வரியில் குரல் உடைந்து வெறும் காற்று வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. இந்த முறை இரண்டாவது வரி. மூன்றாம் முறை வாயைத் திறந்தபோது சார் தடவித் தடவி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போதும் ஸ்டெல்லா."

பாதியில் நின்றவற்றை வைத்துக்கொள்ளவா என்று கேட்டேன். டீச்சர் வேண்டாம் என்று தலையசைத்தார்.

அங்கேயே, அவர்கள் முன்னாலேயே, எண் பிரித்து, கையடக்கப் பிளேயரில் தட்டைப் போட்டு, பத்தொன்பதையும் கேட்கவைத்த பிறகுதான் கொடுத்தேன். கம்ப்யூட்டரிலும் அது பதிவாகியிருந்தது, அதை அழிக்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த சட்டத்தை மறுநாள் காலை கிழித்துப் போட்டேன்.

முதலில் பதிவானது பாடப்புத்தகம், இரண்டாவதுதான் நிஜக் குரல், ஆகவே நடந்ததெல்லாம் நன்மைக்கே என்று இந்தக் கதையைக் கேட்ட நாலைந்து பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் சொல்லாதீர்கள். தப்பு செய்தவனுக்கு அது ரொம்ப வசதியான பேச்சு. உங்களிடம் நான் கேட்பது இதுதான்: ஒலி போய்ச் சேர்ந்ததா என்பதைச் சேர்ந்த இடத்தில் நின்று கேளுங்கள், புறப்பட்ட இடத்தில் அல்ல. கை பதறும்போது கையைக் கட்டிக்கொள்ளுங்கள். உங்களால் ஒருவருக்கு நஷ்டம் என்றால், அதைச் சரிசெய்ய அவருக்கு நேரம் மிச்சமிருக்கும்போதே போய்ச் சொல்லுங்கள். அன்றைக்கு நானாக அந்த போனை எடுத்திருக்க மாட்டேன். பாய் எடுக்கவைத்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டு மாதம் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த டீச்சர் என்னைப் பார்த்துச் சிரித்தார். இடுப்பிலிருந்த பிளேயரில் எதையோ அழுத்தினார். "ஏங்க!" கோபமான ஏங்க. உள்ளேயிருந்து சார், "வர்றேன், வர்றேன், ஏன் கத்தறே?" என்றபடி வந்தார்.

நான் இன்னொரு தட்டு கொண்டுபோயிருந்தேன். பழைய ஹார்ட் டிஸ்கை எஸ்.பி. ரோட்டில் ஒருவரிடம் கொடுத்திருந்தேன். அவரால் மீட்க முடிந்தவை அதில் இருந்தன. நாற்பத்தோரு வரிகள். எண்களை ஒரு தாளில் எழுதியிருந்தேன். டீச்சர் தாளை வாங்கி மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். கடைசிக்கு வந்ததும் விரல் நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இல்ல டீச்சர்," என்றேன்.

அறுபத்து மூன்றாவது கோப்பு இருந்த இடத்தில் அன்று மதியம் நான் ஏற்றிய மென்பொருள் இருந்தது.